மேஸ்திரி வருவதற்கு முன்னால்

(சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீடு புதுப்பிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன். எந்த டைல்ஸ் வழுக்காது, எந்தப் பெயிண்ட் வெயிலுக்கு நிற்கும் என்பதையெல்லாம் நீங்கள் கேட்காவிட்டாலும் கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். நான் பேசப்போவது அதற்கு முந்தைய கட்டம். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "ஒரு கொட்டேஷன் கொடுங்க" என்று கேட்பதற்கு முன் வீட்டுக்காரர் செய்து வைத்திருக்க வேண்டிய வேலை. அதற்கு ஒரு இன்ச் டேப் வேண்டும், ஒரு நோட்டு வேண்டும், வீட்டில் கொஞ்சம் சண்டை போடும் தெம்பு வேண்டும். வேறு செலவு இல்லை.

நம் பக்கத்துத் தனி வீடுகள் பெரும்பாலும் 1980களிலும் 90களிலும் எழும்பியவை. கடன் வாங்கிக் கீழ்த்தளம், பிள்ளைகள் வளர்ந்தபின் மாடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மொசைக் தரை, ஜி.ஐ. பைப், தட்டோடு பதித்த மொட்டை மாடி. இன்று வீட்டுக்கும் வயதாகிவிட்டது, கட்டியவர்களுக்கும் முட்டி வலி வந்துவிட்டது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. பல வீடுகளில் புதுப்பிக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தொடங்கியபின், "இவ்வளவு செய்யறோம், ஹாலையும் சேர்த்துப் பண்ணிடலாமே" என்று வளர்கிறது.

அப்போது நடக்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"மேஸ்திரி, பாத்ரூமை மாத்தணும். ஹாலுக்கு டைல்ஸ் போடணும். வீடு முழுக்கப் பெயிண்ட். தோராயமா எவ்வளவு ஆகும்?"

அவர் சுற்றிப் பார்க்கிறார். சுவரை ஒரு தட்டுத் தட்டுகிறார். "பண்ணிடலாம் சார். ஒரு நாலரை ஆகும்."

அந்த நாலரை லட்சத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம் மனத்தில் ஒரு பாத்ரூம் இருக்கிறது, அவர் மனத்தில் வேறொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேலை பாதியில் நிற்கும்போது, "சார், அது எக்ஸ்ட்ரா" என்ற வார்த்தையாக வெளியே வரும். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். கல்யாணச் சமையல்காரரிடம் போய், "சாப்பாடு போடணும், எவ்வளவு?" என்று மட்டும் யாராவது கேட்கிறோமா? எத்தனை இலை, காலை டிபன் உண்டா, என்ன பாயசம், மளிகை யாருடையது என்று பேசிய பிறகுதானே விலைக்கு வருகிறோம்? சமையல் விஷயத்தில் நமக்குள்ள தெளிவு கொத்து வேலையில் இல்லை. கொத்து வேலையின் உறுப்புகள் நமக்குத் தெரியாததுதான் காரணம்.

நான் பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போட்டும் எம்-புக் எழுதியும் காலம் தள்ளியவன். எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். அரசுக் கட்டடத்தில் பூசிய சுவர் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு என்று அதில் கட்டம் கட்டமாக ஏற வேண்டும். மையில்தான் எழுத வேண்டும், சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பானால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. அரசு வேலையில் குறைகள் ஆயிரம் இருக்கலாம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு பழக்கம் நல்ல பழக்கம். ஊர்ப் பணத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கும்போது, ஆயுள் சேமிப்பிலிருந்து எடுக்கும் பணத்தை வாய்ப் பேச்சில் கொடுப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் உங்களுக்காக ஒரு வேலையை முறையாகச் செய்து, நீங்கள் அதன் பலனை அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிறீர்கள். எனவே, "நான் எழுதிக் கொடுக்கவில்லையே, ஏன் பணம் தரணும்?" என்ற வாதம் நாம் நினைக்கிற அளவுக்குப் பலமானதில்லை. அவர் பரண் போடும்போது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதில் பாத்திரமும் அடுக்கிவிட்டு, பிறகு மறுத்தால் எடுபடாது. எழுத்து அவருக்கு எதிரான ஆயுதம் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மொட்டை மாடியிலிருந்து ஆரம்பியுங்கள். விலை கேட்பதற்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹால் சுவரில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது என்றால், பெயிண்டரிடம் கொட்டேஷன் கேட்பது வீண். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் மறுபடி உப்பும். ஈரம் எங்கிருந்து வருகிறது? மாடித் தட்டோட்டின் இணைப்புகள் விரிந்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா, தரையிலிருந்து ஈரம் மேலே ஏறுகிறதா? ஒரு மழைக்காலம் முழுக்கக் கவனித்துவிட்டு, ஈரம் தெரிந்த இடங்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கோடையில் வந்து பார்க்கும் கான்ட்ராக்டருக்கு அந்தப் போட்டோக்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கூரையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலையே இல்லை. இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. சிமெண்ட் கலவையை அப்பி மூடினால் உள்ளே துரு தொடரும். தொளதொளத்த பகுதியைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றித் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூசி, ஒட்டுப் பொருள் தடவி, அதன்பின் பாலிமர் கலந்த கலவையால் கட்ட வேண்டும். இதை ஐந்து படிகளாக எழுதிக் கொடுக்காமல், "சீலிங் ரிப்பேர்" என்று ஒற்றை வரியில் கேட்டால், அப்பி மூடுபவரின் விலைதான் மலிவாகத் தெரியும். சேதம் பரவலாக இருந்தால் கான்ட்ராக்டருக்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்து, "ஓப்பனாக" ஆக்க நினைப்பவர்களுக்கும் இதுதான். அந்தக் காலத்து வீடுகளில் தூண், பீம் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்கும் கட்டுமானம் நிறைய. இடிக்கலாமா என்ற கேள்வியை, இடித்தால் கூலி பெறுபவரிடம் கேட்கக் கூடாது.

அடுத்து வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய பஞ்சாயத்து. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எக்ஸ்ட்ரா பில்லில் பெரிய பங்கு இதற்குத்தான். அப்பா ஒன்று சொல்லியிருப்பார். வேலை நடக்கும்போது மருமகள் வந்து, "மாமா, சிங்க்கை ஜன்னல் பக்கம் வெச்சா நல்லாயிருக்குமே" என்பாள். பையன் நியூ ஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவான். கடைசியாக யாரோ ஒரு உறவினர் வந்து, அடுப்பு அக்னி மூலையில் இல்லையே என்று ஒரு குண்டைப் போடுவார். வாஸ்து பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். பார்ப்பதென்றால் கொட்டேஷன் கேட்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். மேடையை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் கடப்பைக் கல்லோடு போகாது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், அதன் வாட்டம், வெளியே உள்ள சேம்பர், சிம்னியின் ஓட்டை, மிக்சி கிரைண்டருக்கான பிளக் பாயிண்ட் எல்லாம் கூடவே நகர வேண்டும்.

வேலை நடக்கும்போது அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறீர்களா, வாடகை வீட்டுக்குப் போகிறீர்களா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஆள் இருக்கும் வீட்டில் அறை அறையாகத்தான் வேலை நகரும். சாமான்களை இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டும், தூசிக்குத் துணி கட்ட வேண்டும், ஒரே பாத்ரூம் உள்ள வீடென்றால் இன்னும் திண்டாட்டம். விவரம் தெரிந்த மேஸ்திரி அதையெல்லாம் விலையில் சேர்த்துவிடுவார். மற்றவர் சேர்க்க மாட்டார், பிறகு முகத்தைச் சுளிப்பார்.

இப்போது டேப்பை எடுங்கள். ஒரு அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கூரை 120. ஆக 560 சதுர அடி. கதவு 3க்கு 7 என்றால் 21, ஜன்னல் 4க்கு 4 என்றால் 16. இவற்றைக் கழிப்பதா வேண்டாமா? பூச்சு, பெயிண்ட் வேலைகளில் எப்போதும் வரும் தகராறு இது. கட்டட வேலைகளை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்று ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. பூச்சு வேலைக்கு அது சொல்வது இது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. அரைக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்கலாம். அதற்கும் மேலே போனால் இரண்டு முகத்துக்கும் கழித்துவிட்டு, திறப்பின் பக்கவாட்டுகளைத் தனியாக அளந்து கூட்ட வேண்டும். நம் வீட்டுக் கதவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர், ஜன்னல் ஒன்றரை. இரண்டுமே நடு வகையில் விழுகின்றன. உள்ளேயும் கழி, வெளியேயும் கழி என்று வீட்டுக்காரர் கேட்பதும் தவறு, கழிக்கவே மாட்டேன் என்று பெயிண்டர் சொல்வதும் தவறு. கதவின் பக்கவாட்டுகளில் பூசுவதும் அவருக்கு வேலைதானே? கொட்டேஷன் கேட்கும்போது வேலைகளை எழுதிக் கொடுக்கும் தாளில் "அளவு ஐ.எஸ். 1200 முறைப்படி" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நிறைய பேச்சு மிச்சமாகும்.

பாத்ரூமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டிலேயே சின்ன அறை, ஆனால் கொட்டேஷன் தப்பாகப் போவது அங்கேதான் அதிகம்.

4க்கு 7 அளவு பாத்ரூம், மாடியில் இருக்கிறது, இந்தியன் குளோசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். "பாத்ரூம் ரெனவேஷன், ஒரு எண்ணம்" என்று எழுதினால் ஒரு வரிதான். உடைத்துப் பார்த்தால் என்ன வருகிறது? முதலில் சுவர் டைல்ஸ், தரை, குளோசெட், பழைய பைப் எல்லாம் உடைத்து எடுக்கும் கூலி. உடைத்ததைச் சாக்கில் கட்டி மாடியிலிருந்து இறக்கும் கூலி வேறு, வண்டி வைத்து அகற்றும் செலவு வேறு. தரைக்குக் கீழே சன்கன் ஸ்லாப் இருக்கும், அதாவது குழாய் ஓடுவதற்காகப் பள்ளமாக விட்ட தளம். பழைய வீடுகளில் அதைச் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். இத்தனை வருடம் கசிந்த தண்ணீர் அந்த ஜல்லியில் தேங்கி நின்று கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வரும். அதை முழுக்க அள்ளி வெளியே போடுவதா, மேலே மட்டும் கொத்திவிட்டு மூடுவதா? இந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு கொட்டேஷன்களுக்கு நடுவே பெரிய தொகை விலகிப் போகும்.

என் அபிப்பிராயம், முழுக்க அள்ளுங்கள். அள்ளியபின் வாட்டர்புரூஃபிங். எத்தனை கோட்டு, சுவரில் எவ்வளவு உயரம் வரை என்று எழுத வேண்டும். அது காய்ந்தபின் குழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்து, கீழ்த்தளக் கூரையைப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை. இந்தத் தண்ணீர்ச் சோதனையையும் ஒரு வரியாகத் தாளில் சேருங்கள். எழுதாவிட்டால், "ஆள் சும்மா உட்கார்ந்திருக்கான் சார்" என்று அதைத் தவிர்த்துவிடுவார்கள்.

குளோசெட்டுக்கு வருவோம். அதன் கழிவு வாய் தரைக்குப் போவது எஸ்-டிராப், சுவருக்குப் போவது பி-டிராப். பழைய இந்தியன் குளோசெட்டின் வாய் இருக்கும் இடத்தில் புதிது நேராக உட்காராது. சுவரிலிருந்து அந்த வாயின் மையம் எத்தனை அங்குலம் என்பதை வைத்துத்தான் மாடல் வாங்க வேண்டும். ஆடித் தள்ளுபடி என்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, பிறகு குழாயை அதற்கேற்ப நகர்த்தச் சொன்னால் அந்தக் கூலியில் தள்ளுபடி கரைந்துபோகும். சுவருக்குள் மறையும் சிஸ்டர்ன் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் சுவரின் கனத்தைப் பாருங்கள். நாலரை அங்குலச் சுவரைக் கொத்தி அதை உள்ளே வைக்க முடியாது. முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்ப வேண்டும். ஏற்கெனவே நாலடி அகலம்தான், அதில் அரையடியை அதற்குக் கொடுப்பீர்களா?

சுவர் டைல்ஸ் எந்த உயரம் வரை? சுற்றளவு 22 அடி. லிண்டல் மட்டம், அதாவது 7 அடி வரை என்றால், கதவைக் கழிக்குமுன் 154 சதுர அடி. கூரை 9 அடியில் இருந்து அதுவரை ஒட்டினால் 198. வாயால், "டைல்ஸ் ஒட்டணும்" என்று சொன்னபோது இந்த 44 சதுர அடி யார் மனத்திலும் இருந்திருக்காது. பிறகு சுடுதண்ணீருக்குச் சி.பி.வி.சி. பைப், சுவருக்குள் மறையும் டைவர்ட்டர் (இதைச் சுவர் கொத்துவதற்கு முன்பே கையில் வாங்கி வைத்திருக்க வேண்டும்), கெய்சருக்குத் தனி வயர், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, கதவு. கெய்சர் என்றதும் ஒன்று. பல பழைய வீடுகளில் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லவே இல்லை. 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதாக ஒன்றை இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள். டைல்ஸின் வேலைப்பாட்டுக்குச் செலவிடுவதைவிட இது முக்கியம். முட்டி வலிக்காகத்தான் வேலையே ஆரம்பித்தோம் என்றால் பிடிமானக் கம்பியை மறக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எந்த இடத்தில் வரும் என்று சுவரில் குறித்துக் காட்டினால்தான், அங்கே கொத்தனார் உள்ளே வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கலவை வைப்பார்.

தரை வேலையில் இவ்வளவு சிக்கல் இல்லை. பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்பார்கள். ஒட்டலாம். தரை முக்கால் அங்குலம் வரை உயரும். அப்போது எல்லாக் கதவுகளையும் கழற்றி அடியில் அறுக்க வேண்டும், இரும்பு கேட் கதவு தட்டும், மாடிப் படியில் முதல் படியின் உயரம் மட்டும் குறைந்து காலை ஏமாற்றும். வாசற்படி உள்தரையோடு சமமாகிவிட்டதே என்று வீட்டுப் பெரியவர்களுக்கு மனக்குறை வரும். உடைப்பது என்றால் 18க்கு 12 அடி ஹாலில் மூன்று அங்குலக் கனத்துக்கு 54 கன அடி இடிபாடு. உடைத்தபின் அது பொங்கி இன்னும் கூடும். நூறு கன அடிதான் ஒரு யூனிட், ஆக ஒரு ஹாலிலேயே அரை யூனிட்டுக்கு மேல் ரப்பிஷ். அதை ஏரி ஓரத்திலோ காலி மனையிலோ கொட்டிவிட்டுப் போவது நம் பகுதியில் நடப்பதுதான். கட்டட இடிபாடுகளுக்கென்று 2016-லேயே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் இடிபாட்டு மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. கொட்டேஷனில், "ரப்பிஷ் அகற்றுதல்" என்ற வரியோடு எங்கே கொண்டுபோவார் என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, என் சொந்த ருசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மொசைக் தரையை உடைப்பதற்கு முன் மெஷின் வைத்து ஒருமுறை பாலிஷ் போட்டுப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் பளபளப்புகளில் பாதி அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

2க்கு 2 டைல்ஸ் பெட்டிக்கு நான்கு வரும், பெட்டி 15.5 சதுர அடிக்குக் காணும். வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட வாங்கி, பெட்டிகளில் ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இது கொட்டேஷன் விஷயமில்லை, நாளைக்கு என்னைத் திட்டக் கூடாதே என்று சொல்கிறேன்.

எவ்வளவு அளந்தாலும் பழைய வீட்டில் மூடிக் கிடக்கும் விஷயங்கள் இருக்கும். சுவருக்குள் ஜி.ஐ. பைப் எத்தனை அடிக்குத் துருப்பிடித்திருக்கிறது, கூரையில் இன்னும் எத்தனை சதுர அடி தட்டினால் விழும், இதெல்லாம் உடைக்காமல் யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு மொத்தத் தொகை கேட்பது தப்பு. கேட்டால், பயத்துக்கு ஒரு பணம் சேர்த்துத்தான் சொல்வார். சதுர அடிக்கு என்ன, ரன்னிங் அடிக்கு என்ன, ஒரு மின் பாயிண்ட்டுக்கு என்ன என்று ரேட்டை மட்டும் எழுதி வாங்குங்கள். எத்தனை அடி என்பதை உடைத்தபின் இரண்டு பேரும் சேர்ந்து அளந்து எழுதலாம். வீட்டுக்கு வீடு ஒரு நாற்பது பக்க நோட்டு எம்-புக் ஆகிவிடும். உங்கள் கணக்கில் மொத்தத் தொகைக்கு மேல் பத்து, பதினைந்து சதவீதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதை கான்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பட்ஜெட்டைச் சொல்லலாமா கூடாதா என்று இங்கே சிலர் முன்பே கேட்டார்கள். சொல்லக் கூடாது என்பதுதான் பெரும்பாலோர் கட்சி. மரவேலைக்கும் அலங்காரத்துக்கும் ஒரு வரம்பைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் அங்கே விலைக்கு மேல் எல்லையே கிடையாது. கொத்து, பிளம்பிங் வேலைக்குப் பட்ஜெட்டைச் சொல்லாதீர்கள், தரத்தைச் சொல்லுங்கள். சமையலறை அலமாரிக்கு "நல்ல பிளைவுட்" என்று எழுதினால் அதற்கு அர்த்தம் இல்லை. ஐ.எஸ். 710 மெரைன் பிளையா, ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். வகையா என்று எழுதுங்கள். கட்டுவேலைக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட் என்று எழுதுங்கள். பெயிண்ட் என்றால் சுரண்டல், பட்டி, பிரைமர், எமல்ஷன் எத்தனை கோட்டு என்று பிரித்து எழுதுங்கள். பிராண்டை நீங்களே குறிப்பிடுங்கள், அல்லது "இந்த மூன்றில் ஒன்று" என்று எழுதுங்கள்.

லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா என்பது அடுத்த தீர்மானம். லேபர் மட்டும் என்றால் சிமெண்ட் தீர்ந்த நேரத்தில் கடைக்கு ஓடுவது நீங்கள். ஆணி, சாரம், கட்டர் பிளேடு, டிரில் மெஷின் யாருடையது என்பதுகூட எழுதப்பட வேண்டும். தினமும் வீட்டில் இருந்து கவனிக்க ஆள் உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள், மற்றவர்கள் மெட்டீரியலோடு கொடுத்துவிடுங்கள். நடுவழி ஒன்றும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் டைல்ஸ், குழாய்களை நீங்கள் வாங்கிக் கொடுப்பது, மற்றதெல்லாம் அவர். ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று தவறாமல் கேளுங்கள். இந்த வேலைகளுக்கு வரி 18 சதவீதம். 5 லட்சம் என்று பேசியது 5 லட்சத்து 90 ஆயிரமாக வந்து நிற்கும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன மேஸ்திரிகள் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, அவர்கள் வரி வாங்கவும் முடியாது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சு, வெள்ளை, தரை மாற்றுதல் போன்ற வேலைகளுக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அனுமதி வேண்டியதில்லை. அறை கூட்டினால், மாடி எடுத்தால் வேண்டும். அப்படியிருந்தால் அனுமதி வாங்கும் பொறுப்பும் கட்டணமும் யாருடையது என்பது கொட்டேஷனில் இருக்கட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டில் சிமெண்ட் ஏற்றலாமா, எத்தனை மணி வரை உடைக்கலாம் என்று சங்கத்தில் கேட்டுவிட்டு அதையும் தாளில் எழுதுங்கள்.

எப்போது கேட்பது? ஆடியில் கேளுங்கள். பூமி பூஜை, கிரகப்பிரவேசம் எதுவும் இல்லாத மாதம், கான்ட்ராக்டருக்கு உங்கள் வீட்டில் உட்கார்ந்து அளக்க நேரம் இருக்கும். நாள் நட்சத்திரம் பார்ப்பவர்கள் வேலையை ஆவணியில் தொடங்கலாம். உள்வேலைகளை அப்போது எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியையும் வெளிப்பூச்சையும் வடகிழக்குப் பருவமழை முடிந்து தைக்கு மேல் வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்று பேர் போதும். பத்துப் பேரைக் கூப்பிடாதீர்கள். அளந்து எழுதிக் கொடுப்பது அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு. மூன்று பேருக்கும் ஒரே தாளின் நகலைக் கொடுங்கள். உதாரணத்துக்கு, அந்த 4க்கு 7 பாத்ரூமுக்கு ஒருவர் 1 லட்சத்து 60 ஆயிரம், இன்னொருவர் 1 லட்சத்து 95 ஆயிரம், மூன்றாமவர் 2 லட்சத்து 20 ஆயிரம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தாளின் அடியில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருக்கிறது, ஆக அது 1 லட்சத்து 88 ஆயிரத்து 800. தண்ணீர்ச் சோதனை வரிக்கு நேரே அவர் எதுவும் எழுதவில்லை. ஜல்லி அள்ளும் வரியை அடித்திருக்கிறார். இரண்டாமவர் எல்லா வரிக்கும் ரேட் போட்டிருக்கிறார், அவருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மூன்றாமவர் குழாய்கள் உட்பட, ஜி.எஸ்.டி. உட்பட. இப்போது யார் மலிவு என்று கணக்குப் போடுவது உங்களுக்கே எளிது. நீங்கள் தாள் கொடுக்காமல் இருந்திருந்தால் 1 லட்சத்து 60 ஆயிரத்தைத்தான் எடுத்திருப்பீர்கள். ஒரு வரியில் மட்டும் ஒருவருடைய ரேட் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் அவரைக் கூப்பிட்டு அந்த வரியைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார், அல்லது நாம் தப்பாக எழுதியிருப்போம். உங்கள் தாளைப் படித்துவிட்டு, "சார், இந்தச் சுவருக்குள்ள பைப் எப்படிப் போகுது?" என்று திருப்பிக் கேள்வி கேட்பவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

எத்தனை நாளில் முடிப்பார், முன்பணம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு நிறுத்திவைத்து எப்போது கொடுப்பது, கசிந்தால் எத்தனை மாதம் வரை வந்து பார்ப்பார் என்பதை உங்கள் தாளிலேயே கேள்வியாக எழுதி இடம் விட்டுவிடுங்கள், அவர் நிரப்பட்டும். விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அவரே எழுதட்டும். கம்பியும் சிமெண்டும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிற நாளில் பங்குனியில் கொடுத்த கொட்டேஷனை ஆடியில் நீட்டினால் அவர் சிரிப்பார்.

பின்வரிசை மேசையில் மாதிரித் தாள்கள் வைத்திருக்கிறேன். பாத்ரூமுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, பெயிண்டுக்கு ஒன்று. அளவுக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. சமையலறைக்கு நான் தாள் போடவில்லை, அது வீட்டுக்கு வீடு மாறும். அதை அங்கே நின்று சமைப்பவர்கள்தான் எழுத வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.